குளத்தை மறித்த தெரு

உரும்பிராய்
12.12.1983

அன்புள்ள மகன் பரமலிங்கத்துக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் தயவில் ஐயாவும் நானும் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகளும் லண்டன் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இதற்குப் பிறகு எழுதப்போவது கோபம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் கிடைத்தது. மாமாவின் தெரு வேலையை மறித்துக் குடும்ப மானத்தை வாங்க வேண்டாம், ஊர் முன்னேற வேண்டாமா என்று கேட்டிருந்தாய். உனக்கு அவர் என்ன எழுதினாரோ தெரியாது, நடந்ததை நான் சொல்கிறேன். உன் மாமனார் பஞ்சலிங்கம் குளத்துக்கு அப்பாலுள்ள தோட்டங்களை வாங்கி வீட்டுக் காணிகளாகத் துண்டு போட்டார், அதில் ஒன்றுதான் உன்னுடையது. அங்கே போகும் குறுகிய ஒழுங்கை வளைந்து போகிறது, லொறி திரும்பாது என்று குளத்துக்குத் தண்ணீர் வருகிற பக்கத்தை நிரவி நேரே தெருப் போட வெளிக்கிட்டார். மாரித் தண்ணீர் அந்தக் குளத்தில் நின்று ஊறினால்தான் கோடையில் எங்கள் கிணறுகள் உவர்க்காது. நீ குடித்து வளர்ந்த தண்ணீர் அது. உனக்குப் படிப்பித்த பராசக்தி ரீச்சர் வீடு வீடாகப் போய்ப் பெண்களைச் சேர்த்தார், முதல் லொறி மண்ணோடு வந்தபோது எல்லோரும் குளக்கட்டில் நின்றோம். உன் மாமா வந்து, “சம்பந்தி, ஆடிக் கலவரத்திலை கொழும்பிலை எல்லாத்தையும் எரிகுடுத்திட்டு வந்த சனம் பள்ளிக்கூடங்களிலை கிடக்குது. அதுகளுக்கு வீடு வேண்டாமோ” என்று கேட்டார். அந்தச் சனத்தைச் சொன்னதும் நான் ரீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். அவர், “ஓம், வேணும். உங்கடை வீட்டுக்குப் பின்னாலை மேட்டுக் காணி சும்மாதானே கிடக்குது, அதைக் குடுங்கோ. வெள்ளம் நிக்கிற பள்ளத்தை ஏன் அதுகளின்ரை தலையிலை கட்டுறியள்” என்றார். மாமா என்னைப் பார்த்து, “மகன்ரை காணிக்குப் போற தெருவையே மறிக்கிறியள், வெக்கமில்லையோ” என்று சொல்லிவிட்டு லொறியைத் திருப்பினார். பிறகு சூரன்போர் அன்று ஊரே கோயிலில் நிற்க, ஆளில்லாத நேரம் பார்த்து மண்ணைக் கொட்டி முடித்துவிட்டார். கோயிலால் வந்து பார்த்தபோது குளத்தை மறித்துத் தெரு கிடந்தது.

கார்த்திகை மழை பிடித்தது. குளத்துக்குப் போக வழியில்லாத வெள்ளம் ஒழுங்கைக்கரை மார்க்கண்டுவின் வீட்டுக்குள் ஏறியது. அவன் மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள், கட்டிலோடு தூக்கித்தான் அவளை வெளியே கொண்டுவந்தோம். அவனுடைய தோட்டத்தில் வெங்காயத் தறை முழுவதும் அழுகிப்போனது. தண்ணீரை இறங்கவிடாமல் பிடித்து வைத்திருந்தது உன் காணிக்கு மாமா கட்டிவிட்ட மதில். நான் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு போய் அதை இடிக்கத் தொடங்கினேன். ஐயா பின்னால் வந்தார். பஞ்சலிங்கத்தோடு சின்ன வயதிலிருந்தே சிநேகிதம், இத்தனை நாளும் இந்தப் பிரச்சினையில் ஒரு வார்த்தை கதைக்காத மனிதர், தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அலவாங்கைக் கையிலிருந்து வாங்கி, “நீ தள்ளி நில்லு, காலிலை கல்லு விழும்” என்று சொல்லிவிட்டுத் தானே இடித்தார். வெள்ளம் உன் காணிக்குள்ளால் பாய்ந்து போனது. அதைப் பார்த்த சனம் மண்வெட்டிகளோடு வந்து தெருவையும் குறுக்கே வெட்டித் திறந்துவிட்டது. இப்போது குளத்தில் தண்ணீர் நிற்கிறது.

மாமா இனிக் கோட்டில் வழக்குப் போடப்போகிறாராம். மதில் உன் காணியில் நின்றதால் உன் கையெழுத்து வேண்டுமாம், உனக்கு எழுதுவார். நான் உன்னைக் கெஞ்சப்போவதில்லை. நீ படித்தவன், யோசித்துச் செய். தடிமனும் இருமலுமாக வேலைக்குப் போகாதே, மருமகளைக் கோபிக்காதே, அவள் தகப்பன் செய்ததற்கு அவள் என்ன செய்வாள். உங்கள் இருவருக்கும் பிள்ளையார் துணை நிற்கட்டும், குறைவில்லாமல் வாழுங்கள். கையெழுத்து வைப்பதென்றால் ஒன்றை மட்டும் மறக்காதே. மதிலை உடைத்தவர்கள் என்ற இடத்தில் உன் ஐயாவின் பெயரையும் என் பெயரையும் முழுதாக, பிழையில்லாமல் எழுதச் சொல்.

உன்னைப் பெற்றவள்
குணலட்சுமி