தேனீக்குக் கதவடைத்த வருடம்

மார்ச் 9

வலைச் சுருள்கள் வந்து இறங்கிவிட்டன! லாரிக்காரர் வாசலில் உருட்டிவிட்டுப் போய்விட்டார். நானும் இவருமாக மூச்சு வாங்கக் கூடத்துக்குள் தள்ளினோம். இப்போது வீட்டில் நடக்க வழியில்லை. டிவி பார்க்க வேண்டுமென்றால் சுருள் மேல்தான் ஏறி உட்கார வேண்டும். இவர் ஏறி உட்கார்ந்துகொண்டு, "சோபாவை வித்துடலாமா?" என்கிறார்.

புதுப் புடவையைக்கூட இப்படித் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில்லை. பறவை, விட்டில், பழ ஈ எதுவும் நுழைய முடியாத பொடிக்கண் வலை. போன வருடம் பாதிப் பழத்தைப் பறவை தின்றது. மீதியை ஆலங்கட்டி மழை குத்திப் போட்டது. இந்த முறை ஒரு பேரிக்காயைக்கூட விட்டுத் தருவதாக இல்லை.

மார்ச் 13

இன்று வேலியோரம் அக்காவைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். உடனே இரண்டு பேரும் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தோம். மேகமே இல்லை.

அக்கா என்றால் என் ஓரகத்தி. இவருடைய அண்ணன் மனைவி. மாமனார் வைத்த பேரித் தோட்டத்தை அண்ணன் தம்பி பாகம் பிரித்து நடுவில் முள்கம்பி போட்டார்கள். பிரித்ததோடு சரி, மூத்தவர் லாரியில் ஏறிப் போனால் மாதக்கணக்கில் வருவதில்லை. இவருக்குப் பம்பு ரிப்பேர் கடை. தோட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் சொந்தம். ஆக அந்தப் பக்கம் அவள் ஒருத்தி, இந்தப் பக்கம் நான் ஒருத்தி. (நேரில் வாங்க, போங்கதான். இங்கே மட்டும் வந்தாள், போனாள். என் டைரி, என் ராஜ்யம்.)

பேச்சு நின்று ஒரு வருடம் ஆகிறது. மர வரிசைகளுக்கு நடுவில் நான் கிளோவர் விதைத்தேன். மூன்று மூன்று இலையாகத் தரையோடு படரும். மண்ணுக்குப் போர்வை மாதிரி. உயிர் மூடாக்கு என்று பெயர். அக்காவுக்குத் தரை என்றால் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்க வேண்டும். வேலியோரம் களைக்கொல்லி அடித்தாள். காற்று இந்தப் பக்கம் வீசியது. என் கிளோவர் ஒரு பட்டையாக மஞ்சளாகிச் செத்தது. நான் கத்தினேன். "களை களைதான்டி. பேரு வச்சா பயிராயிடுமா?" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

மார்ச் 21

விதைக் கடைக்காரர் போகிற போக்கில் சொன்னார். அறுவடை முடிந்ததும் அக்கா அவள் பாகத்தைக் குடோன் கட்டக் கொடுக்கப் போகிறாளாம். மரத்தையெல்லாம் எடுத்துவிடுவார்களாம். அவள் மகன் வீட்டோடு போய் இருக்கப் போகிறாளாம், அடுக்குமாடியில், ஆறாவது மாடி.

எனக்கென்ன. போனா போறாங்க என்று இவரிடம் சொன்னேன்.

"அப்ப ஏன் குழம்புல ரெண்டு தடவை உப்பு போட்டே?" என்று கேட்டார் இவர். இந்த மனுஷனுக்கு வேண்டாத இடத்தில்தான் நாக்கு வேலை செய்யும்.

ஆறாவது மாடியில் அவள் எதைப் பெருக்கி, எதைத் துடைத்து... சரி, விடு.

மார்ச் 29

பூ! பூ! பூ! தோட்டம் முழுக்க வெள்ளை. தேனீக்காரர் வந்து பெட்டிகளை வேலியோரம் வைத்துவிட்டுப் போனார். பெட்டி இறக்கக் கை கொடுத்த இவர் காதில் ஒரு தேனீ கொட்டியது. வலது காது மட்டும் பணியாரம் மாதிரி வீங்கி நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. பாவம்.

மார்ச் 31

முதல் ஐந்து வரிசைக்கு வலை போட்டாயிற்று! கூலிக்கு வந்த இருவர், இவர், நான். அடியில் கொஞ்சமும் இடைவெளி இல்லாமல் கிளிப் போட்டு மூடினோம். எறும்புகூட விண்ணப்பம் போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இதைப் பார்த்து வயிறெரிய அக்கா ஊரில் இல்லையே என்று இருந்தது. மகன் வீடு பார்க்கப் போயிருக்கிறாள்.

ஏப்ரல் 6

எப்படி எழுதுவது இதை? எழுதுகிறேன்.

காலையில் வலைக்கு வெளியே நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

"ஏய்! உன்னைத்தான்! உனக்கு மூளை இருக்கா இல்லையா?"

அக்கா. ஒரு வருடத்துக்குப் பிறகு. கையில் ஊருக்குக் கொண்டுபோன பை அப்படியே இருக்கிறது, வீட்டுக்குள்கூட இன்னும் போகவில்லை.

"பூ விரிஞ்சு நிக்குது, இப்ப வலையை இழுத்து மூடியிருக்கியே. தேனீ எந்த வழியா உள்ள போகும்? உன்கிட்ட வந்து சாவி வாங்கிட்டுப் போகுமா?"

ஐயோ. ஐயையோ! பூ கொட்டிப் பிஞ்சு பிடித்த பிறகு மூடுங்கள் என்று வலைக் கடைக்காரர் சொன்னாரே! தலையை ஆட்டிவிட்டுத்தானே வந்தேன்! ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மா இல்லை.

அக்கா முள்கம்பிக்கு நடுவில் குனிந்து நுழைந்து வந்தாள். புடவை மாட்டிக் கிழிந்தது. அதற்கும் என்னைத்தான் திட்டினாள். இரண்டு பேருமாக மதியம் வரை கிளிப்பைப் பிடுங்கி, வலையைச் சுருட்டி மேலே கட்டினோம். உள்ளே பாதிப் பூ உதிர்ந்து கிடந்தது. மீதிப் பூவும் வயசான மாதிரிதான் இருந்தது.

எனக்கு அழுகை வர வேண்டிய நாள். வரவில்லை. ஒரு வருடம் கழித்துக் கிடைத்த முதல் பேச்சே திட்டு. அது இப்படி இனிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஏப்ரல் 7

அக்கா காலையிலேயே வந்துவிட்டாள். கையில் கன்னத்துக்கு ரோஸ் பூசும் தூரிகை. மகன் கல்யாணத்துக்கு வாங்கியதாம். "எனக்கு இனிமே யாருக்கு அழகு காட்டணும்? பூவுக்காவது உதவட்டும்."

வேறு ரகப் பேரி மரத்திலிருந்து மகரந்தத்தைச் சின்னக் கிண்ணத்தில் தட்டி எடுத்துக்கொண்டு, ஏணியில் ஏறி, விரிந்திருந்த பூவுக்கெல்லாம் ஒவ்வொன்றாகத் தடவினோம். தேனீ நொடியில் செய்வதை நாங்கள் இடுப்பொடிய நாள் முழுக்கச் செய்தோம். மூக்கெல்லாம் மஞ்சள். இவர் கடையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "கொட்டாத தேனீ ரெண்டு கிடைச்சிருக்கு எனக்கு" என்றார்.

"கொட்டமாட்டோம்னு யார் சொன்னா?" என்றாள் அக்கா.

ஏப்ரல் 27

பிஞ்சு பிடித்துவிட்டது. வலை போடாமல் விட்டிருந்த என் வரிசைகள் அருமை. அந்த முதல் ஐந்து வரிசையில்? கிளைக்குக் கிளை தேட வேண்டியிருக்கிறது. தூரிகை தொட்ட இடத்தில் மட்டும் அங்கொன்று இங்கொன்று.

ஆனால் அக்கா பக்கம்! காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பெட்டி இருந்தது வேலியோரம். பக்கத்திலிருந்த என் ஐந்து வரிசையை நானே மூடிவிட்டேன். அங்கே போக வேண்டிய தேனீயெல்லாம் நேராக அவள் மரத்துக்குப் போயிருக்கிறது. கொத்துக் கொத்தாகக் காய். பல வருடமாக அந்த மரங்கள் இப்படிக் காய்த்ததே இல்லை.

"உன் தேனீயெல்லாம் என் வீட்டுல விருந்து சாப்பிட்டிருக்கு" என்று சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே ஒரு பிஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சிரிக்கவில்லை. கடைசி வருஷம் பார்த்து இப்படிக் காய்க்குதே என்றாள்.

நெருக்கமாகத் தொங்கும் பிஞ்சைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் காய் பெருக்காது என்று ஏதோ சொன்னேன். எனக்குத் தெரியாதா என்றாள்.

மே 6

மீன் கரைசலைத் திறந்தேன். மீன் கழிவும் வெல்லமும் போட்டு ஊற வைத்திருந்த டிரம். தண்ணீரில் கலந்து மரத்தடிக்கு ஊற்றினால் இலை கரும்பச்சையாகிவிடும். மரத்துக்கு அமிர்தம், மனுஷனுக்கு... இவர் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலியோரம் வந்தாள். "எந்தப் பாவி பூனை செத்துக் கிடக்கு?"

"உரம்க்கா."

"உரமா? இதைக் குடிச்சா மரம் வேரோட எழுந்து ஓடிடாதா?"

திட்டி முடித்துவிட்டு, போகும்போது ஒரு வாளி வாங்கிக்கொண்டு போனாள். சோதனைக்காம்.

மே 20

பேய் மழை. மழை விட்டதும் அக்கா இங்கே வந்தாள். ஒவ்வொரு செருப்பிலும் ஒரு பானை செய்கிற அளவு சேறு. அவள் பக்கம் மேல்மண் கரைந்து பாதை வரை வழிந்து கிடக்கிறது. பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. என் வரிசைகளுக்கு நடுவில் நடந்தாள். கிளோவர் நனைந்திருந்தது, அவ்வளவுதான். மழை முழுவதும் மண்ணுக்குள் போயிருந்தது. குனிந்து கையால் விலக்கிப் பார்த்தாள். கொழுகொழுவென்று மண்புழு.

சொல்லிக்காட்ட நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

ஜூன் 3

மீன் கரைசல் ஊற்றிய மரத்தில் இலை கரும்பச்சையானதைக் காட்ட அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு வாளி கொடுத்தேன்.

ஜூன் 15

இன்று என் மூக்கு உடைந்தது. வெயில் தொடங்கியதிலிருந்து என் இளமரங்கள் வாடுகின்றன. ஒரு மரத்தடியில் பட்டையை எலி கொறித்திருக்கிறது. அக்கா வந்து பார்த்தாள்.

"உன் போர்வை குடிச்சது போகத்தான் மரத்துக்குத் தண்ணி. மழைக்காலத்துல அது தோழி, வெயில்ல சக்களத்தி. கழுத்து வரைக்கும் போர்த்திவிட்டா எலி ஏன் குடும்பம் நடத்தாது? தண்டைச் சுத்தி ஒரு முழம் காலி பண்ணு. மத்ததை ஒட்ட அறுத்து அப்படியே மூடாக்காப் போடு."

அத்தனையும் சரி. சாயங்காலம் வரை இரண்டு பேரும் அறுத்தோம். தோட்டத்தில் பச்சைப் புல் வாசனை. எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சேர்ந்து வேலை செய்து! அவளுக்குப் பாட வரும் என்பதையே மறந்துவிட்டேன். கொஞ்சம்கூட சுருதி சேராமல் பாடுவாள் என்பதையும்.

ஜூன் 28

குடோன்காரர் வந்தார். டேப்பை நீட்டி அளந்தார். ஒரு பேரி மரத்தில் டேப்பின் கொக்கியை மாட்டினார், ஆணியடித்த சுவர் மாதிரி. இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

அவர் போனதும் நேராக அக்காவிடம் போனேன். நிதானமாகப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். எங்கே!

"போகாதீங்கக்கா! நீங்க போயிட்டா நான் யார்கிட்ட சண்டை போடுவேன்? யார்கிட்ட திட்டு வாங்குவேன்? போகாதீங்க, சொல்லிட்டேன்!"

அழுதுகொண்டே கத்தியிருக்கிறேன் போல. பெருக்கிக்கொண்டிருந்த துடைப்பத்தை அக்கா கீழே போட்டாள்.

"மகன் வான்னு சொன்னான். என் வீட்டுக்காரர் உன் இஷ்டம்னு சொன்னார். இருன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லலைடி."

அவ்வளவுதான் சொன்னாள். இருப்பேன் என்று சொல்லவில்லை. குடோன்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லையாம், மறுபடி வருவாராம். மூக்கைச் சிந்தச் சொல்லி அவள் முந்தானையையே நீட்டினாள்.

ஜூலை 5

பதில் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாத பதில் வந்துவிட்டால்?

ஜூலை 7

பறவைக் கூட்டம் வந்துவிட்டது. என் வரிசைகள் எப்போதோ வலைக்குள். அக்கா மரத்தில் காய் நிறம் மாறத் தொடங்கியிருக்கிறது, மேலே வானமே தெரியாத கூட்டம், ஒரே சத்தம். காலையிலிருந்து அக்கா தகரத்தைத் தட்டித் தட்டி விரட்டுகிறாள். அவை அவளைத் தாளம் போட வந்தவள் என்று நினைத்துக்கொண்டு தின்கின்றன.

திடீரென்று எனக்குப் பொறி தட்டியது. முதல் ஐந்து வரிசை! பேருக்கு நாலு காய் இருக்கும் மரத்துக்கு வலை எதற்கு? ஓடினேன்.

"அக்கா! என் வலையைக் கழட்டி உங்க மரத்துக்குப் போடலாம்!"

தட்டுவதை நிறுத்தினாள். "அப்ப உன்னுது?"

"அங்க இருக்குறதைப் பறவை தின்னட்டும். அதுக்கும் ஏதாவது வேணாமா?"

"நாளைக்கே கழட்டலாம்" என்றாள்.

ஜூலை 9

விரலெல்லாம் சிவந்து கிடக்கிறது, கிளிப் போட்டுப் போட்டு. ஆனாலும் எழுதாமல் தூங்க முடியாது.

நேற்று கழற்றிய வலையைத் தூக்கிக்கொண்டு காலையில் அக்கா பக்கம் போனோம். இவர் கடைக்கு லீவு. ஒருவர் கழியால் வலையை மரத்துக்கு மேலே தூக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஆளுக்கொரு முனை இழுக்க வேண்டும், இன்னொருவர் கிளிப் போட வேண்டும். இருந்ததோ மூன்று பேர். போதாததற்குக் காற்று. ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை பறக்கிறது. ஒரு தடவை வலை இவர் மேல் விழுந்து, உள்ளேயிருந்து, "நான் பழுத்ததும் எடுங்க" என்று குரல் வந்தது.

அப்போதுதான் குடோன்காரர் வந்தார். பளபளவென்று ஷூ, கையில் ஃபைல். "அம்மா, பதில் கேட்டுட்டுப் போகலாம்னு..."

"வந்தீங்களா? நல்லதாப் போச்சு. அந்த முனையைப் பிடிங்க தம்பி. கெட்டியா. விட்டா பறந்துடும்" என்றாள் அக்கா.

அவர் என்ன செய்வார்? ஃபைலைத் தரையில் வைத்து, பறக்காமல் மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் பிடித்தார். "இழுங்க. இன்னும். காலையில சாப்பிட்டீங்களா இல்லையா?" என்று அவரையும் விரட்டினாள். முதல் மரம், இரண்டாவது மரம்... ஒரு வரிசையே முடிந்துவிட்டது. மனுஷன் நன்றாகத்தான் இழுத்தார். சட்டை தொப்பலாகிவிட்டது. வலைக்குள் காய்கள் அத்தனையும் பத்திரமாகத் தொங்கின.

நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப, இந்த மரத்தையெல்லாம் எப்ப எடுக்கலாம்மா?"

இவர் கழியை இறக்காமல் அப்படியே நின்றார்.

அக்கா வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்து வலையின் ஓரத்தில் மாட்டினாள். இழுத்துப் பார்த்தாள்.

"ஏன் எடுக்கணும்? இப்பதானே தம்பி நீங்களே போர்த்திவிட்டீங்க."

குடோன்காரர் மரத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். சிரிப்பும் அழுகையுமாக நின்ற என்னைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு ஷூவைக் கழற்றி ஃபைலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த வரிசைக்கு எந்த முனையைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டார்.