ஏழாம் தொட்டிக்காரி

பிப்ரவரி 11

இன்று நூற்றுப் பன்னிரண்டு குஞ்சுகளுக்கு ஊசி போட்டேன். ஒவ்வொன்றும் இமை முடி நீளம்தான். உள்ளே செலுத்தியது, நாங்கள் பெரியவர் என்று கூப்பிடும் வரிமீனின் விந்தகத்தில் கிள்ளி எடுத்த இளஞ்செல்கள். அந்த இனத்தில் மிச்சமே எங்கள் லேபில் உள்ள மூன்று ஆண்கள்தான். பெண் ஒன்றுகூட இல்லை.

குஞ்சுகள் வேறு இனம், வெள்ளிமீன். பிறவியிலேயே மலடாக உருவாக்கியவை. பெண்ணாக வளரும் குஞ்சுக்குள் போனால் அந்த ஆண் செல்லே முட்டையாகிவிடும் என்பது கணக்கு. ஒரே ஒரு முட்டை வந்தாலும் அது வரிமீனுடையது.

என் கையில் செத்தவை இரண்டு. லேபை நடத்தும் டாக்டரம்மா போட்டபோது பாதி போய்விட்டன. நான் சொல்லிக்காட்டவில்லை. எழுதி மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 12

கழுத்து திரும்பவில்லை. "மீனுக்கு ஊசி போட்டவளுக்கு யாரு ஊசி போடுறது?" என்கிறார் வீட்டுக்காரர். சிரிக்கவும் முடியவில்லை.

மே 20

டாக்டரம்மாவின் அறிக்கையைப் படித்தேன். மைக்ரோஸ்கோப்பின் பெயர் இருக்கிறது, ஊசி விற்ற கம்பெனியின் பெயர் இருக்கிறது. ஊசி பிடித்த கை யாருடையது என்று ஒரு வரி இல்லை. கேட்டு வாங்குகிற பெருமை எனக்கு வேண்டாம்.

வேண்டாமா?

செப்டம்பர் 3

ஊசி போட்ட குஞ்சுகளில் பெண்ணாக வளர்ந்த மூன்றாம் தொட்டிக்காரிக்கு வயிறு உப்பியிருக்கிறது! லேப் முழுக்கச் சொல்லிவிட்டேன். கேக் வெட்டினோம்.

செப்டம்பர் 5

ஸ்கேன் பார்த்தோம். முட்டை இல்லை, வெறும் கொழுப்பு. "யாரு இதுக்கு இவ்வளவு தீனி போட்டது?" என்றார் டாக்டரம்மா. நான்தான். அழகாக இருக்கிறாளே என்று தினமும் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டேன். பதினாறு வருஷ அனுபவமாம் — தூ! "நான்தாம்மா" என்று ஒப்புக்கொண்டேன். மானம் போச்சு. அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "டிசம்பர் கடைசி வரைக்கும் பாப்போம். அப்புறம் தொட்டியெல்லாம் வேற வேலைக்குப் போயிடும்" என்றார்.

அக்டோபர் 19

காலையில் பெரியவர் மிதந்தார். மிச்சம் இரண்டு.

நவம்பர் 28

ஏழாம் தொட்டிக்காரி! நான் ஏறெடுத்தும் பார்க்காத ஒல்லிப்பிச்சான். வழக்கமான சோதனைக்காக வயிற்றை மெல்லத் தடவினேன் — கிண்ணத்தில் முட்டை. பதினேழு. மூணு தடவ எண்ணிட்டேன். நிஜந்தானா? கிண்ணத்தோடு டாக்டரம்மாவிடம் ஓடினேன். மிச்சமிருந்த இரண்டு ஆண்களில் இளையவரான சின்னவரின் விந்தைச் சேர்த்தோம்.

டிசம்பர் 16

ஒன்பது பொரிந்தன. ஒன்பதுக்கும் முதுகில் வரி.

பதிவேட்டில் தகப்பன், தாய் என்று இரண்டே கட்டம். தகப்பன்: சின்னவர். தாய்க் கட்டத்தில் டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது. "நீங்களே எழுதுங்க" என்று நீட்டினார்.

தாய்: பெரியவர் என்று எழுதினேன். பக்கத்தில் ஸ்கேல் வைத்து இன்னும் இரண்டு கட்டம் போட்டேன். சுமந்தது: ஏழாம் தொட்டிக்காரி. ஊசி போட்டது: என் பெயர், இனிஷியலோடு.

டாக்டரம்மா நிதானமாகப் படித்தார். "உங்க பேரு மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கே" என்றார். கீழே கையெழுத்துப் போட்டார்.