அண்ணன் இருக்கும் லெவல்

அண்ணி,

இன்று காலை வண்டியைக் கழுவினேன். நேற்று ஏற்றிக்கொண்டு போன பெங்களூர்க் குடும்பம், சுரங்கத்தில் தங்கம் எடுத்தபின் கொட்டிய சயனைட் மேட்டில் உருண்டு புரண்டு விளையாடிவிட்டு, கால்கூடத் தட்டாமல் அப்படியே ஏறி உட்கார்ந்துவிட்டது. மிதியடி, சீட்டு, கதவிடுக்கு, எங்கே பார்த்தாலும் அந்த வெளுத்த மணல். தண்ணீர் பட்டதும் அதிலிருந்து வாசனை கிளம்பியது. துருவும் தீப்பெட்டி மருந்தும் கலந்ததுபோல, மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற வாசனை. உங்கள் முந்தானையில் எப்போதும் இருந்தது அதுதான். டிக்கியைக் கூட்டுவதற்காக உங்களைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கவேண்டியிருந்தது.

ஆமாம், இன்னும் டிக்கியில்தான் இருக்கிறீர்கள். மஞ்சள் துணியால் வாய் கட்டிய மண் கலயத்துக்குள். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்றார்கள். வேப்பமரத்தில் கட்டிப் பார்த்தேன், குரங்குகள் விடவில்லை. அதனால் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் சாக்கை மடித்துப் போட்டு வைத்திருக்கிறேன். "எரிச்சி, அவருகிட்ட கொண்டு போய் சேத்துடு தம்பி" என்று நீங்கள் கேட்டது தை மாதத்தில். நானும் தலையாட்டினேன். ஆவணி வந்துவிட்டது, இன்னும் சேர்க்கவில்லை. சவாரிக்கு வருகிறவர்கள் தங்கள் பையையும் தண்ணீர் பாட்டிலையும் உங்கள் பக்கத்தில் வைக்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் கலயத்தைப் பார்த்துவிட்டு ஊறுகாயா என்று கேட்டாள். எங்கள் அண்ணி என்று சொன்னேன். சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். திரும்பும்போது தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நம் ஊருக்கும் சீசன் என்று ஒன்று வந்துவிட்டது, நீங்கள் பார்த்ததுதான். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் சீசன் என்றால் டிசம்பர். வெள்ளைக்காரக் கிழவர்களும் கிழவிகளும் பழைய போட்டோக்களோடு வருவார்கள். தாங்கள் பிறந்த பங்களா, தாத்தாவின் கல்லறை, இவைதான் அவர்களுக்கு வேண்டும். கல்லறைமேல் முளைத்த புல்லைத் தங்கள் கையாலேயே பிடுங்குவார்கள். அரைகுறை இங்கிலீஷில் நான் வழிகாட்டுவேன். அண்ணன் என்னைக் கேலி செய்வார், நம்ம ஊருக்குச் செத்தவங்களப் பாக்கத்தான் ஆளு வருது, உயிரோட இருக்கிற என்னை ஒருத்தனும் பாக்க வரல என்பார். நீங்கள் கரண்டியால் அவர் தலையில் தட்டுவீர்கள்.

ஆடியில் மட்டும் யாரும் வரமாட்டார்கள். காற்று கிளம்பினால் சயனைட் மேடு அப்படியே எழுந்து, வரிசையாக ஒட்டிய நம் லைன் வீடுகளுக்குள் வந்துவிடும். சோற்றில் மணல், பாயில் மணல். ஜன்னலுக்கெல்லாம் ஈரத்துணி கட்டிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்போம். உங்கள் அம்மாவே அந்த மாதத்தில் மகளைப் பார்க்க வந்ததில்லை.

பிறகு தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். பல வருஷம் சீசனும் இல்லை, ஒன்றும் இல்லை. மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயில் ஆட்களைப் பெங்களூருக்கு ஏற்றிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு கொண்டுவந்து கொட்டும். நீங்களும் அந்த ரயிலில் கார்மெண்ட்ஸுக்குப் போனவர்தான். அப்புறம் ஒரு சினிமா வந்தது. நம் ஊர்ப் பேரைக் கேட்டாலே நாடே திரும்பிப் பார்க்கும்படி ஆனது. சனி ஞாயிறுகளில் கார் காராக வந்து இறங்கினார்கள். படத்தில் வந்த கோட்டை எங்கே, அடிமைகள் இருந்த இடம் எங்கே என்று என்னைக் கேட்டார்கள். நம் வீட்டைக் காட்டலாமா என்று யோசித்தேன். அதிலும் வேடிக்கை, இப்போது ஆடிதான் பெரிய சீசன். மேகமும் காற்றும் சேர்ந்தால் போட்டோ நன்றாக விழுகிறதாம். நாம் கதவைச் சாத்திக்கொண்ட காற்றில் அவர்கள் துப்பட்டாவைப் பறக்கவிட்டு நிற்கிறார்கள். சயனைட் மேட்டில் பாய் விரிக்கிறார்கள், பந்து விளையாடுகிறார்கள், பிள்ளைகளுக்கு வாளியும் சின்ன மண்வெட்டியும் வாங்கி வருகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மெரினா மாதிரியே இருக்கிறது. கடல்தான் இல்லை.

ஒரு சின்னக் குழந்தை உங்களிடமே அதைக் கேட்டது. சனி ஞாயிறில் நீங்கள் நீர்மோர் விற்க ஆரம்பித்திருந்த நேரம். வாளியும் கையுமாக வந்து நின்று, கடல் எங்கே ஆன்ட்டி என்று கன்னடத்தில் கேட்டது. நீங்கள் குனிந்து அதன் கன்னத்தில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துவிட்டு, நம் பாஷையிலேயே பதில் சொன்னீர்கள்.

"கீழ இருக்குது கண்ணு. மேல ஏறி வந்துகினு இருக்குது."

குழந்தைக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சுரங்கத்தை மூடியதும் பம்புகளை நிறுத்திவிட்டார்கள் அல்லவா, அன்றிலிருந்து அடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மைல் கணக்கில் அடுக்கடுக்காகத் தோண்டிய இருட்டையெல்லாம் ஒவ்வொரு லெவலாக நிரப்பிக்கொண்டு, சத்தமில்லாமல். அந்த லெவல்களில் ஒன்றில் அண்ணன் இருந்தார்.

அந்த நாளை நாம் பேசிக்கொண்டதே இல்லை. அடுக்கில் தட்டுகள் கிடுகிடுத்தன. கீழே பாறை வெடித்தால் ஊருக்கே அப்படித்தான் தெரியும், ஏர் பிளாஸ்ட் என்போம். பெண்கள் எல்லாரும் போட்டது போட்டபடி, சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்ட் வாசலுக்கு ஓடினார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்தது, மறுபடி வந்தது, மற்றவர்கள் எல்லாரும் வந்தார்கள். அண்ணன் வரவில்லை. பாறை மொத்தமும் இறங்கிவிட்டது, அந்த லெவலைத் திறக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். காரியம் செய்யலாம் என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசியபோது நீங்கள் பொட்டோடும் பூவோடும் வந்து நின்றீர்கள். உடம்பு வரவில்லை, ஒரு பிடி சாம்பல் வரவில்லை, தண்ணீரில் கரைக்க ஒன்றும் இல்லாமல் என்ன காரியம் என்று கேட்டீர்கள். பெரியவர்கள் எழுந்து போனார்கள். அப்புறம் முப்பது வருஷத்துக்குக் கிட்ட நீங்கள் தாலியைக் கழற்றவில்லை. கல்யாண வீடுகளில் உங்களை எங்கே நிற்கவைப்பது என்று ஜனங்கள் தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன்.

சீசன்காரர்கள் ஒருநாள் அண்ணன் இறங்கிப்போன அந்த ஷாப்டையும் கண்டுபிடித்துவிட்டார்கள். வேலி விழுந்து, வாய்க்கு இரும்புக் கிராதி மட்டும் போட்டிருந்த பழைய ஷாப்ட். கிராதி வழியாகக் கல்லைப் போட்டுக் காது கொடுத்துக் கேட்பார்கள். பெரும்பாலான கல் சும்மா விழும். எப்போதாவது ஒன்று உள்ளே எதிலோ பட்டு, கணீர் என்று மணி அடித்தாற்போல் ஒரு சத்தம் வரும், கீழேயிருந்து சுற்றிச் சுற்றி மேலே ஏறி வரும். யாரோ அதைப் படம்பிடித்து, பேய் மணி என்று பேர் போட்டுப் போனில் பரப்பிவிட்டான். அவ்வளவுதான், ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே பேய் மணிக்கு எப்படிப் போவது என்று கேட்க ஆரம்பித்தார்கள். நீங்களும் மோர்ப்பானையைச் சயனைட் மேட்டிலிருந்து தூக்கி அங்கே கொண்டுவந்து வைத்தீர்கள். கூட்டம் இருக்கிற இடத்தில்தானே வியாபாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் எனக்கு ஆத்திரம். என் அண்ணன் கிடக்கிற குழியில் வருகிறவன் போகிறவன் எல்லாம் கல்லெறிவதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேரைக் கெட்ட வார்த்தையில் திட்டிக் கையை ஓங்கிவிட்டேன். நீங்கள் நடுவில் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். உங்கள் கண்ணில் அப்படி ஒரு கோபத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"இன்னாத்துக்குத் தடுக்கிற? கல்லு பட்டா மணியடிக்குதே, அந்த இரும்பு இன்னான்னு தெரிமா? உங்க அண்ணன் லெவலு வாசப்படி. பிளாஸ்ட்ல வளைஞ்சி ஷாப்டுக்குள்ள நீட்டிகினு நிக்குது, கூட வேல செஞ்சவரு சொன்னாரு. ஊர்ல ஒருத்தரும் அவரு கதவத் தட்டறதில்ல தம்பி. இவங்களாவது தட்டறாங்க. தட்டட்டும் வுடு."

அன்றைக்குத்தான் கவனித்தேன். கல் விழும்போதெல்லாம் டம்ளரை நீட்டியபடியே நின்றுவிடுவீர்கள். வாங்குகிறவன் கையும் அந்தரத்தில் நிற்கும். மணி அடித்தால் ஒரு மூச்சு விட்டு, மோரை ஊற்றுவீர்கள். புருஷன் ஷிப்டில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்ட பெண்ணின் முகம் அது. எனக்குப் பயமாக இருந்தது, அண்ணி. உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று என் மனைவியிடம்கூடச் சொன்னேன். அடுத்த வாரம் நானும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மணிக்காகக் காத்திருந்தேன்.

மழை நன்றாகப் பெய்த ஒரு ஆடியில் அது நின்றது. அன்றைக்குக் கூட்டமான கூட்டம். ஆளுக்கொரு கல். காலையிலிருந்து மத்தியானம் வரை போட்டுக்கொண்டே இருந்தார்கள், கணீர் சத்தம் ஒருமுறைகூட வரவில்லை. தண்ணீரில் கல் விழுகிற சத்தம்தான் வந்தது, முன்னைவிடக் கிட்டத்தில். ஏமாற்றிவிட்டீர்கள் என்று ஒருவன் என்னிடம் சண்டைக்கு வந்தான். நீங்கள் எழுந்து கிராதி ஓரமாகப் போய், நீங்களே ஒரு கல்லைப் போட்டீர்கள். அத்தனை வருஷத்தில் நீங்கள் போட்டது அந்த ஒன்றுதான். கேட்டுவிட்டு, பானையில் மிச்சமிருந்த மோரைத் தரையில் கவிழ்த்தீர்கள்.

"தண்ணி அவருகிட்ட வந்துடுச்சி" என்றீர்கள். "கரைச்சாச்சி. இனிமே காரியம் பண்ணிடு."

நான்தான் செய்தேன். பந்தல் இல்லை, ஒப்பாரி இல்லை. தாலியை நீங்களே கழற்றி என் கையில் வைத்தீர்கள். அழாமல் இருந்தீர்கள். நான்தான் சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

மணி நின்றதும் அந்த ஷாப்டுக்குக் கூட்டமும் நின்றுவிட்டது. நீங்கள் படுக்கையில் விழுந்திருந்தபோது அதன் வாயைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். நல்ல காரியம்தான், எந்தப் பிள்ளையாவது விழுந்து தொலைத்திருக்கும். உங்களிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். அன்று சாயந்திரம் நான் கஞ்சி கொண்டுவந்தபோது, மூடட்டும், தண்ணிக்கு வழி தெரியும் என்று மட்டும் சொன்னீர்கள். சொல்லிவிட்டு முழுசாகக் குடித்தீர்கள்.

நீங்கள் போன பிறகு கலயத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கான்கிரீட்மேல் எத்தனையோ ஞாயிறு நின்றிருக்கிறேன். விரல் நுழைய இடம் இல்லை. ராமேஸ்வரம் கொண்டுபோகலாம் என்றாள் என் மனைவி. நிஜக் கடல்தான், புண்ணியம்தான். ஆனால் அங்கே யார் இருக்கிறார் உங்களுக்கு?

இப்போது எழுத உட்கார்ந்த காரணத்தைச் சொல்கிறேன். நம் லைனுக்குப் பின்னால், முள்ளு மண்டிக் கிடந்த கிணறு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதில் ஒரு சொட்டு கிடையாது, குப்பைதான் கொட்டுவோம். இந்த ஆவணியில் மழையே இல்லை, தெருக்குழாயும் வரவில்லை. போன வாரம் என் மனைவி குப்பை கொட்டப் போனவள் கூடையோடு திரும்பி வந்தாள். கிணற்றில் தண்ணீர் நிற்கிறது என்றாள். போய்ப் பார்த்தேன். கறுப்பாக, அலையே இல்லாமல், கைப்பிடிச் சுவருக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. நேற்று பார்த்தபோது இன்னும் ஏறியிருந்தது. யாரும் மொள்ளக்கூடாது என்று தகரம் போட்டு மூடியிருக்கிறோம். பக்கத்தில் போனால் ஷாப்ட் வாயில் அடிக்குமே, அதே குளிர்ந்த காற்று முகத்தில் படுகிறது.

அண்ணன் வந்துவிட்டார், அண்ணி. போன வழியை மூடிவிட்டதால் பின்பக்கமாக வந்திருக்கிறார்.

நாளைக்கு இரண்டு சவாரி இருந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சீசனில் எவனாவது லீவு போடுவானா என்று புக்கிங்காரன் சிரித்தான். வீட்டில் விசேஷம் என்றேன். விடிந்ததும் குளித்துவிட்டு உங்களைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போவேன். கலயத்தை இறக்குவதில் எனக்குப் பயமில்லை. உங்களை விடுவதுதான் கஷ்டமாக இருக்கிறது, இத்தனை மாதமாகப் பழகிவிட்டது. இன்னொரு கவலையும் இருக்கிறது. அவர் போனபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. இப்போது அவரைவிட எனக்கு ரொம்ப வயசு, தலையெல்லாம் நரைத்துவிட்டது. தகரத்தை நகர்த்திவிட்டு நான் எட்டிப் பார்த்தால், யாரோ ஊர் பார்க்க வந்த ஆள் என்றுதான் நினைப்பார். நீங்களே முதலில் அவரைக் கூப்பிட்டுவிடுங்கள்.