இவர் பக்கத்துச் சக்கரம்

மார்ச் 3, செவ்வாய்

டயருக்குப் பிறந்த தேதி உண்டு என்று இந்த ஐம்பத்தோரு வயசு வரை எனக்குத் தெரியாது. பக்கச் சுவரில் சின்னதாக நாலு எண்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். டயர் கடைக்காரர் டார்ச் அடித்துப் படித்தார். "அக்கா, இதுக்குப் பதினேழு வயசு."

"தரையில பதியற பட்டன் எல்லாம் அப்படியே இருக்கே?"

"ஓடாம நின்ன வண்டி அக்கா. பட்டன் தேயாது, ரப்பர் செத்துப்போகும்." நகத்தால் அழுத்திக் காட்டினார். மெல்லிய வெடிப்புகள், எங்கே பார்த்தாலும்.

ஆக நாலையும் மாற்றியாக வேண்டும். மாற்றுவதே மாற்றுகிறோம், சக்கரத்தையும் சேர்த்து மாற்றினால் என்ன? போன வருஷம் இந்த ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினபோதே அந்தச் சக்கரங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. வண்டி என் மகளைவிட மூத்தது. சக்கரம் அதைவிடக் கிழடாகத் தெரிகிறது.

இவர் அதில் கடைசியாக ஏறியது நவம்பரில். "தரையோட தரையா போகுது. என் முதுகுக்கு ஆகாது. நீ போய்ட்டு வா." முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேரில் வளைந்து நிமிர்ந்த முதுகு. ஞாயிற்றுக்கிழமை என்றால் ரெண்டு பேரும் சேர்ந்து எங்கேயாவது போவது கல்யாணமான நாளிலிருந்து பழக்கம். இப்போது நான் வண்டியோடு போகிறேன், இவர் ரேடியோவோடு இருக்கிறார். சண்டை ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

185/60 R14. அறுபது என்றால் அறுபது மில்லிமீட்டர் என்று நினைத்து மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்கக் கணக்குப் போட்டேன். எதுவும் எதோடும் ஒட்டவில்லை. அது நூற்றுக்கு அறுபதாம்! அகலம் 185. பக்கச் சுவரின் உயரம் அதில் அறுபது சதவீதம், அதாவது 111. பதினாலு மட்டும் அங்குலம். மூன்று அளவு முறைகளை ஒரே வரியில் கோர்த்த மகராசன் யாரோ தெரியவில்லை.

நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் பவர் சீட்டைக் கையில் கொடுத்ததும் ஜனங்கள் ஏன் அப்படி முழிக்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் விளங்கியது.

மார்ச் 7, சனி

ஆஃப்செட். இது என்னை விடமாட்டேன் என்கிறது. சக்கரம் வண்டியோடு ஒட்டும் இடம், சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பது. எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும், கூடினால் உள்ளே போகும். அட, இது நம்ம பிழைப்புத்தானே! ஃபிரேமின் நடு ஒன்று, கண்மணியின் நடு ஒன்று. லென்ஸ் எதற்கு நடுவில் உட்கார வேண்டும் என்பதில்தான் எங்கள் தொழில் முழுக்க இருக்கிறது. ரெண்டு மில்லிமீட்டர் தவறினாலும் தலைவலி.

கடையிலிருந்து, மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கும் காலிப்பரை வீட்டுக்கு எடுத்து வந்தேன். போல்ட்டுகள் நாலு. எதிரெதிர் போல்ட்டுக்கு நடுவே சரியாக நூறு. கைக்கு வந்த கிரீஸை சோப்பு போக்கவில்லை. இவர் மண்ணெண்ணெய்த் துணியை நீட்டிவிட்டு ரேடியோவுக்குத் திரும்பினார்.

மார்ச் 10, செவ்வாய்

பதினாறு அங்குலம். பத்துக் கம்பி. வெண்கல நிறம். முடிவு செய்தாகிவிட்டது.

இல்லை. பதினைந்தையும் ஒருமுறை பார்க்கலாம்.

பார்த்தேன். பதினாறுதான்.

மார்ச் 14, சனி

டயர் கடையில் புதுச் சக்கரங்களைத் தற்காலிகமாக மாட்டி அளவு பார்த்தோம். டயர் 205/45. பழையதைவிட விட்டம் பதின்மூன்று மில்லிமீட்டர் பெரிசு. வேக முள் இனி கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், ஐம்பத்தொன்றில் போனால் ஐம்பது என்று. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். உரசினால் தெரியட்டும் என்று கடைக்காரர் மட்கார்டின் விளிம்பில் உள்பக்கமாகக் களிமண்ணை உருட்டி ஒட்டினார். பள்ளம் மேடு எல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு வந்து பார்த்தால் களிமண்ணில் ஒரு கீறல்கூட இல்லை. பின்பக்கம் ரெண்டிலும் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒன்பது மில்லிமீட்டர் மிச்சம். "தாராளம் அக்கா" என்றார். தாராளம் என்று சொன்னால் நான் விடுவேனா? நாலு சக்கரத்தையும் தனித்தனியாக அளந்து நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

மார்ச் 18, புதன்

மாட்டியாகிவிட்டது. என்ன அழகு! சாப்பிடுவதற்குள் மூன்று தடவை ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். "நான் பொண்ணு பார்க்க வந்தப்போகூட நீ இப்படி எட்டிப் பார்க்கல" என்றார் இவர்.

ஞாயிறு வருகிறீர்களா என்று கேட்டேன். "தலையணை ஒண்ணு வச்சுக்கிட்டா உட்காரலாம்னு நினைக்கிறேன்" என்றார்.

வருகிறார்!

மார்ச் 22, ஞாயிறு

எழுதவே பிடிக்கலை.

சட்டை இஸ்திரி போட்டுக்கிட்டு வந்தார். சோபாத் தலையணையை முதுகுக்குக் கொடுத்து, ஒரு காலை உள்ளே வச்சு, குனிஞ்சு, மூச்சு பிடிச்சு ஏறினார். ஏறினதும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. தெருமுனை வேகத்தடை. பின்னாடி, அவர் பக்கம், கர்ர்ர்னு ஒரு சத்தம். நாலு நாளா நான் தனியா அதே மேட்டுல ஏறி இறங்கினேனே, ஒரு முணுமுணுப்பு கிடையாது! அடுத்த மேட்டிலும் கர்ர்ர். டயர் மட்கார்டில் உரசுது.

"என் பக்கம்தான்" என்றார். அப்புறம், "லிஃப்டா இருந்தா வெளியில எழுதி மாட்டியிருப்போம், ஒரு ஆள் மட்டும்னு."

நான் சிரிச்சேன். எதுக்குச் சிரிச்சேன்?

பஸ் ஸ்டாப்பில் இறங்கிக்கிட்டார். "டயர் வீணாப்போகும். நீ ஓட்டிட்டு வா, நான் பஸ்ல வந்துடறேன்." தலையணையையும் கையில் எடுத்துக்கிட்டார். தொண்ணூத்தொரு கிலோ மனுஷன், தலையணையோட பஸ்ஸுக்கு நிக்கறார்.

அவர் இறங்கினதும் சத்தம் நின்னு போச்சு. அதைத்தான் தாங்க முடியலை.

மார்ச் 23, திங்கள்

காலையில் கடைக்கு ஒரு அம்மா வந்தார். வீட்டுக்காரருடைய பவர் சீட்டு, புது ஃபிரேம் ரெண்டும் கையில். "அவருக்கு நேரமில்லைங்க. நீங்களே ஒரு அளவா வெட்டிக் கொடுத்துடுங்க." வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். "முகம் வராம நாங்க அளவெடுக்கறதில்லைங்க. யார் போடப்போறாங்களோ அவங்க வரணும்."

சொல்லி முடித்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா வேறு, "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

ஒன்பது மில்லிமீட்டர் என்று எழுதிக் கோடு போட்டேனே. அன்றைக்குப் பக்கத்துச் சீட் காலியாக இருந்தது. டயர் கடைக்காரருக்குத் தெரியாது, என்னோடு யார் வருவார்கள் என்று. எனக்குமா தெரியாது? இருபத்திரண்டு வருஷமாக ஒரு லென்ஸ் முகமில்லாமல் வெட்டியதில்லை. சொந்த வண்டியை இவர் இல்லாமலே அளந்திருக்கிறேன். இவர் வரமாட்டார் என்று எனக்குள்ளேயே முடிவு பண்ணிவிட்டேனா? எப்போது?

மார்ச் 25, புதன்

டயர் கடையில் கேட்டேன். ரெண்டு வழி. மட்கார்டின் விளிம்பை உள்ளே மடக்கிவிடலாம், பதினாறு அப்படியே இருக்கும். இல்லையென்றால் பதினைந்துக்கு இறங்கணும். "மடக்கினா உரசாது அக்கா. ஆனா டயர் சுவர் குட்டை. குழி வந்தா அடி நேரா முதுகுக்குத்தான்."

வெண்கல நிறம் பதினைந்தில் கிடையாதாம். வெள்ளி நிறம், எட்டுக் கம்பி, சுமாராக இருக்கும்.

ஐந்து நிமிஷம் அந்த வெண்கலச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பிடித்த ஒன்றை விடும்போது வலிக்கவில்லை என்று எழுதினால் அது பொய்.

மார்ச் 28, சனி

இவரைக் கூப்பிட்டேன். சவாரிக்கு இல்லை, அளவுக்கு. "நீங்க வந்து உட்காரணும். இல்லாம அளவெடுக்க மாட்டேன்." என் முகத்தையே பார்த்தார். "என்னை எடைக்கல்லா ஆக்கிட்டியா?" என்றார். ஆனால் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

டயர் கடையில் ஒன்றேகால் மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார், தலையணை முதுகில், பேப்பர் கையில். 195/50 R15. பக்கச் சுவர் தொண்ணூற்றேழரை. மொத்த விட்டம் பழையதற்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் குறைவு. நான் தரையில் படுத்து மட்கார்டுக்குள் காலிப்பரை விட்டேன். உள்ளேயிருந்து குரல்: "எவ்வளவு?"

"பதினாலு."

"நான் உட்கார்ந்தா?"

"நீங்க உட்கார்ந்துதான்!"

பேப்பர் சத்தம் நின்றது. "குதிச்சுப் பார்க்கவா?" என்று கேட்டுக்கொண்டே குதித்தார். "அண்ணே, முதுகு, முதுகு!" என்று டயர் கடைக்காரர் ஓடிவந்தார்.

அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள். ஆஃப்செட் என்றால் என்ன, சுவர் எவ்வளவு அமுங்கும், காற்று எவ்வளவு வைக்கணும், குறைத்தால் என்ன ஆகும்? அந்த மனுஷரைத் துளைத்து எடுத்துவிட்டார். கடைசியில் என்னிடம், "வெறும் பெட்டியை மட்டும் ஏத்தி இறக்கிப் பார்த்துட்டு லிஃப்ட் சரியா இருக்குன்னு நாங்க கையெழுத்துப் போட மாட்டோம், தெரியுமில்ல?"

தெரியும். இனி ஒரு மாசத்துக்கு இதைச் சொல்லிக் காட்டாமல் விடமாட்டார். சொல்லட்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

கடைப்பையில் இருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரைக் காணோம். கண்ணாடித் திருகுக்கு உள்ளது. இவரைக் கேட்டால், "எனக்கென்ன தெரியும்?" என்று ரேடியோ சத்தத்தைக் கூட்டுகிறார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நான் இறங்கி வருவதற்குள் இவர் வண்டியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் இருக்கும் சின்னப் பெட்டியின் மூடியில் விரல் நீளத்துக்கு ஒரு எஃகுத் தகடு. ஏதோ பழைய வீட்டு லிஃப்டிலிருந்து கழற்றினதாம், இத்தனை வருஷம் டூல் பெட்டியில் கிடந்ததாம். ரெண்டு மூலையிலும் என் கண்ணாடித் திருகு.

கொள்ளளவு: 2 பேர். 150 கிலோ.

"நாம ரெண்டு பேரும் சேர்ந்தா நூத்தி ஐம்பத்து மூணு ஆகுதே" என்றேன்.

"மூணு கிலோதானே, நான் பாத்துக்கறேன். எடு வண்டியை."

தெருமுனை வேகத்தடை வந்ததும் ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டோம். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. ஒன்றுமில்லை.

இவர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். "இரு இரு. ஒரு சுத்து சுத்திட்டு வந்து இன்னொரு தடவை ஏத்து."