நீ காட்டிக் காட்டிக் கெடுத்த ஓவன்

அண்ணா,

இன்று காலை என் கேக் கடையில் புது ஓவனின் கதவைப் பூட்டி, அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் பொத்தானை அழுத்தினோம். கொஞ்ச நேரத்தில் உள்ளே சிந்திய சர்க்கரையும் எண்ணெயும் கருகிச் சாம்பலாகும் வாடை கிளம்பியது. வேலை செய்யும் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். எனக்கு உன் மேல் கோபம் வந்தது. நீ செத்து இத்தனை வருஷமாகியும் அது ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நீ மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தாய். அதற்குச் சற்று முன்புதான் நான் பூவாரில் கட்டியவனின் அடி தாங்காமல், மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்திருந்தேன். உன் சாமான்களோடு அந்த ஓவனும் இறங்கியது. "கேக்கு போட்டு வித்துப் பொழச்சுக்கோ மக்கா" என்றாய். அன்று நான் சந்தோஷத்தில் அழுதது உண்மை. அந்த அழுகை அடங்குவதற்குள் இன்னொன்றும் சொன்னாய். "இது சரிப்படல்லேன்னா அவனுக்க வீட்டுக்குத் திரும்பிப் போயிரணும். கெட்டிக்கொடுத்த பிள்ளைய வீட்டில வச்சிருக்க முடியாது, கேட்டியா?"

முதல் மாதங்களில் கேக் பஞ்சுபோல வந்தது. பாறசாலைக் கடைகளில் கேட்டு வாங்கினார்கள். ஓவனை அடுக்களையில் வைக்க நீ விடவில்லை. தனி வயர் இழுத்து, முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தாய். பக்கத்து ஊர்களான காரோட்டிலிருந்தும் காரக்கோணத்திலிருந்தும் யார் வந்தாலும், சாயா குடித்து முடிப்பதற்குள், தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் அந்தப் பொத்தானை அழுத்திவிடுவாய். கதவு தானே பூட்டிக்கொள்ளும். உள்ளே தீச்சூளை மாதிரிச் சூடு ஏறும். "எடா, இது தன்னே கழுகுமோ?" என்று, தானாகவே கழுவிக்கொள்ளுமா என்று, அவர்கள் மலையாளத்தில் வாய் பிளப்பார்கள். உனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அழுக்கு இருந்தால்தானே அண்ணா சுத்தம் செய்ய? துடைத்து வைத்த ஓவனை வெறுமனே போட்டு வறுத்தெடுத்தாய்.

பிறகு கேக் கருக ஆரம்பித்தது. மேலே கறுத்து, நடுவில் மாவாகவே நின்றது. சூட்டுக் குமிழைக் குறைத்து வைத்தேன், அப்போதும் கருகியது. நீ ஆள் கூட்டிக் காட்டிய ஒவ்வொரு தடவைக்கும் பிறகு கருகல் கூடுவதைக் கவனித்தேன். ஒருநாள் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முன்பெல்லாம் வேண்டிய சூடு வந்ததும் சிவப்பு விளக்கு அணையும், சூடு குறைந்தால் திரும்ப எரியும். இப்போது அது அணையவே இல்லை. சூட்டை நிறுத்தவேண்டிய ஏதோ ஒன்று உள்ளே செத்துவிட்டது என்பது எனக்கே புரிந்தது.

அதைத்தான் உன்னிடம் சொன்னேன். "அண்ணா, நீ சும்மா சும்மா பூட்டிக் காட்டாண்டாம். அதுனாலயாக்கும் கெட்டுப்போச்சு."

"ஏட்டி, கெட்டது ஓவன் இல்ல, உனக்க கையாக்கும்" என்றாய். "உனக்குக் குடும்பமும் நடத்தத் தெரியாது, கேக்கும் போடத் தெரியாது."

அதோடு விட்டாயா? காரோட்டில் ஒரு கல்யாண வீட்டின் கேக்கை நீயே பேசி ஒத்துக்கொண்டு வந்து, "இதும் கரிஞ்சா நாளைக்கே பூவாருக்கு ஜீப்பு பிடிப்பேன்" என்றாய். மகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்று முழுக்க அவள் என் சேலையை விடவில்லை.

நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டுதானே இருந்தாய். சுவரிலிருந்த மெயின் சுவிட்சில் கை வைத்து நின்றேன். வாசனையும் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தில் படும் சூடும்தான் எனக்குக் கணக்கு. கூடினால் அணைப்பேன், குறைந்தால் போடுவேன். மத்தியானம் முழுக்க, ஒவ்வொரு கேக்குக்கும், கால் மரத்துப்போக அப்படியே நின்றேன். ஒன்றுகூடக் கருகவில்லை. நல்ல பொன்னிறம்.

எடுத்துப்போக வந்தவர்கள் ஒரு துண்டு தின்று பார்த்துச் சிரித்தபோது, நீ ஓவனின் தலையில் தட்டிக்கொடுத்தாய். "பாத்தியளா? மஸ்கட்டு சாதனமாக்கும்!"

அந்த ஒரு நிமிஷத்தை நான் மன்னிக்கவில்லை அண்ணா. பிறகு பழுது பார்க்க வந்தவர் பின்தகட்டைக் கழற்றி, தெர்மோஸ்டாட் போய்விட்டது, வெறுமனே திரும்பத் திரும்பச் சூடாக்கினால் இப்படித்தான் என்று உன் முகத்துக்கு நேரே சொன்னார். நீ அசரவில்லை. "இங்கத்த கரண்டு சரியில்ல" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாய். அதன்பிறகு பூவார்ப் பேச்சை எடுக்கவில்லை. நீ தோற்ற விதம் அவ்வளவுதான். ஒரு வார்த்தை, "எனக்க தப்புதான் மக்கா" என்ற ஒரு வார்த்தை, கடைசிவரை உன் வாயிலிருந்து வரவில்லை. கேக்கை மட்டும் வருஷந்தவறாமல் தின்றாய்.

உன் அடக்கத்துக்கு வந்த எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் ஒரு ஓவன் கொண்டுவந்து தந்து உன்னைக் கரையேத்திட்டான்" என்றார்கள். பெட்டிக்குள் நீ கிடந்தாய், அதனால் தலையை ஆட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஆட்டினேன்.

போன வாரம் ஒரு புதுப்பெண் ஒரு தட்டுக் கேக்கைக் கருக்கிவிட்டாள். கணவனை விட்டு வந்தவள். வேலை போய்விடும் என்று நடுங்கினாள். நான் அவளை ஒரு ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, பழுது ஓவனில்தானா என்று முதலில் பார்க்க, அதன் பின்தகட்டைக் கழற்றினேன். இதையும் நீதான் கற்றுக்கொடுத்தாய் என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள். அன்று நான் தலையை ஆட்டமாட்டேன்.