கேமராவுக்குப் போட்ட பனியன்

அம்மா, பெங்களூரிலிருந்து மகன் அனுப்பிய பார்சலை இன்று பிரித்தேன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கேமரா. தனியாக இருக்கும் எனக்குத் துணையாம். என் கை தானாகவே பீரோவில் ஒரு பழைய பனியனைத் தேடியது.

நீங்கள் குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு, அண்ணன் உங்கள் அவிநாசி வீட்டுப் படுக்கையறையில் இப்படி ஒன்றை மாட்டினார். திருடனுக்காக என்றார். மறுநாளே முதலிபாளையத்தில் இருக்கும் தன் பனியன் கம்பெனியிலிருந்து போன் செய்து, “ஏனுங்கம்மா, மாத்திரை போடாமத் தூங்கிட்டீங்க?” என்று விசாரித்தார். கேமரா நன்றாகவே வேலை செய்தது. ஒரே நாளில் ஆள் பிடிபட்டார்; அண்ணனேதான்.

நீங்கள் போனை வைத்தீர்கள். கம்பெனியில் கழித்துப்போட்ட பனியன் ஒன்றை எடுத்துக் கேமராவுக்கு மாட்டிவிட்டீர்கள். கேமரா ரிப்பேர் என்று நினைத்து அண்ணன் ஓடி வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“உங்க சேஃப்டிக்குத்தானுங்கம்மா.”

“உன்ற கம்பெனில பொம்பளைங்க துணி மாத்தற ரூம்புல கேமரா வெச்சிருக்கறயா?”

“அங்க எப்படிங்கம்மா வெக்கறது? துணி வாங்கற பையர் ஆடிட்டுக்கு வந்தா ஆர்டரே போயிருமுங்க.”

“சரி கண்ணு. என்ற ரூம்புக்கு எந்தப் பையரும் வர்றதில்ல. அதனால வெச்சுப்போட்டயாக்கும்?”

எத்தனையோ வெளிநாட்டு ஆடிட்டர்களுக்குக் காபி கொடுத்தே சமாளித்தவர் அண்ணன். அன்று அவருக்குக் காபி குடிக்கவே மனம் வரவில்லை. கம்பெனி தொடங்கிய காலத்தில் செக்கிங் மேசை உங்களுடையது என்பதை மறந்துவிட்டார் போல. வெளிச்சத்தில் விரித்தால் எந்தத் துணியின் ஓட்டையும் உங்களிடமிருந்து தப்பியதில்லை.

“மறுபடி விழுந்தா யாருக்கும்மா தெரியும்?” என்று நான்தான் கேட்டேன்.

“அதுவும் நெசந்தான்” என்று யோசித்து, அண்ணனிடம் திரும்பினீர்கள். “நான் கூப்புட்டா வர்ற மாதிரி ஒண்ணு வாங்கிக் குடு. நீயா எட்டிப் பாக்கறது வேண்டாம்.”

அழுத்தினால் அண்ணனுடைய போன் அடிக்கும் பட்டன் ஒன்று உங்கள் கழுத்துக்கு வந்தது. மறுநாளே அழுத்தினீர்கள். பையர் மீட்டிங்கை விட்டுவிட்டு வியர்க்க வியர்க்க வந்து நின்றவரிடம், “சும்மா செக் பண்ணிப் பாத்தேன். பாஸ்தான், போ” என்றீர்கள்.

பிறகு ஒருநாள் உண்மையாகவே விழுந்தீர்கள். அண்ணன் தூக்கி உட்கார வைத்ததும், இடுப்பு வலியைச் சொல்வதற்கு முன்பாக, “நானேதான் அமுக்குனேன்” என்றீர்கள். ஊரில் எத்தனையோ பேருக்கு விருது கொடுத்திருக்கிறார்கள்; இந்த நிமிர்வோடு வாங்கியவரை நான் பார்த்ததில்லை.

இன்று சாயங்காலம் மகன் போனில் கூப்பிட்டான். கேமராவை ஹாலில்தான் மாட்டியிருக்கிறேன், பார்க்கும் முன் என்னைக் கேட்க வேண்டும் என்று உங்கள் சட்டத்தைச் சொன்னேன்.

“சரிங்கம்மா. இப்ப பாக்கட்டுங்களா?”

“இன்னைக்கு வேண்டாங் கண்ணு.”

ஏன் என்று அவன் கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டான்.

வேண்டாம் என்றதற்குக் காரணம் எதுவும் கிடையாது. சும்மா செக் பண்ணிப் பார்த்தேன். உங்கள் பேரன் பாஸ்தான், அம்மா.