எந்தக் காடு

நவம்பர் 14, 2024

வசந்தாமணி அக்காவிடம் இன்று நான் சொல்லாதது: அந்தப் போனை எடுத்துப் பேசியது நான்தான்.

பனமரத்துப்பட்டிக்கு அந்தப் பக்கம், கரடு என்கிற சிறு குன்றை ஒட்டிய ஊர். அவருடைய கணவர் மாதேஸ்வரனை மக்காச்சோளத்துக்குள் யானை அடித்து மூன்று நாளாகிறது. பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆருக்கோ போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் சாமி போனாரு. ஒண்ணும் பண்ணாதுன்னாங்களாம். ஆருன்னு தெரியலை. போனும் அங்கயே நசுங்கிப்போச்சு."

தலையை ஆட்டினேன். வேறென்ன செய்தேன்? தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அந்த வழக்கம் இன்று எனக்கு வசதியாக இருந்தது.

நவம்பர் 15

இங்காவது எழுதிவிடுகிறேன்.

யானை வந்தால் என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பள்ளிக்கூடச் சுவர்களில் ஒட்டிய நோட்டீஸில் இருப்பது என் எண். பதினொன்றாம் தேதி காலை 6.42. சேலம் பஸ்ஸில் உட்கார்ந்து அடுத்த நோட்டீஸைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'காடு யானையின் வீடு. காட்டில் நிற்கும் யானையைத் தொந்தரவு செய்யாதீர்கள்.' அப்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"ஏனுங்க, நோட்டீஸ்ல நெம்பர் பாத்தனுங்க. யானை காட்டுல நிக்குதுங்க."

"காட்டுலதானுங்களே? அப்ப ஒண்ணும் பண்ணாதுங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அப்புடீங்களா. செரிங்க."

முப்பத்தெட்டு விநாடி.

அவர் சொன்னது அவருடைய சோளக்காட்டை. நான் கேட்டது, புத்தகத்தில் இருக்கிற காட்டை. இந்தப் பக்கம் யார் அதைக் காடு என்கிறார்கள்? மலை என்பார்கள், கரடு என்பார்கள். எனக்குத் தெரியாதா? எங்கள் ஊர் அங்கிருந்து பத்து மைல்கூட இல்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா தினமும் "காட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்றுதானே கிளம்புகிறாள், கடலைக்காட்டுக்கு! எங்கே போனது என் காது?

ஒன்றும் பண்ணாது என்றேன். அதை நம்பி, சோளத்துக்குப் பக்கத்தில் கட்டியிருந்த மாட்டை அவிழ்க்கப் போயிருக்கிறார்.

மாடு பிழைத்துவிட்டது.

நவம்பர் 16

அகராதியை எடுத்துப் பார்த்தேன். காடு — வனம். புன்செய் நிலம். சுடுகாடு.

ஒரே சொல்லில் மூன்றும் இருக்கின்றன. அவர் மூன்றாவதற்குப் போய்விட்டார்.

நவம்பர் 19

பள்ளிக்கூடத்தில் கூட்டம். மாதேஸ்வரனின் காட்டுக்கு அடுத்த காட்டுக்காரர் தீர்த்தகிரி என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க டீச்சர். எங்களுக்கு எடுத்த பாடத்த அந்த யானைக்கும் கொஞ்சம் எடுத்திருந்தீங்கன்னா மாதேசு உசுரோட இருந்திருப்பான்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"இனிப் பாடமெல்லாம் வேண்டாங்க. மோட்டாருல இருந்து கம்பி இழுத்துர்றோம். கரட்டுலிருந்து எறங்குச்சுன்னா அங்கயே முடிஞ்சுரும்."

கம்பியில் கரண்ட் விட்டால் தண்ணீர் கட்டப் போகிற மனுசரும் சாவார், அது குற்றம், ஜெயில் என்றேன்.

"கொன்னது யானை. ஜெயிலு எங்களுக்கா?"

கொன்னது யானை. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

திரும்பும் வழியில் தேவிப்ரியாவிடம் சொன்னேன். எங்கள் அலுவலகத்துக்கு அவர்தான் பொறுப்பு. "வெளிய சொல்லாத யாழினி" என்றார். "சொன்னா இனி நம்ம பேச்ச எந்த ஊர்ல கேப்பாங்க? ஊருக்கு ஊரு கம்பி இழுப்பாங்க. ஒரு யானையோட நிக்காது."

சரிதான். அவர் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை.

நவம்பர் 22

6.42-க்கு மறுபடியும் விழிப்பு. போன் அடிக்கவில்லை. அந்த எண் இன்னும் பெயர் இல்லாமல்தான் கிடக்கிறது. என்ன பெயர் போட்டுச் சேமிப்பது?

நவம்பர் 27

சொல்லிவிட்டேன்.

நேற்றுத்தான் காரியம் முடிந்திருந்தது. வசந்தாமணி அக்கா மாட்டுக்குத் தீனியாகச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். "வா சாமி" என்றார். எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. போனை எடுத்து அந்த எண்ணைக் காட்டினேன்.

"இது அவரு நெம்பருதானுங்களே அக்கா?"

கடைசி நான்கு எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"நாந்தானுங்க அக்கா எடுத்தேன். அவரு காடுன்னாரு… நான் மலைன்னு நெனச்சுட்டனுங்க. எந்தக் காடுன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க."

கையில் இருந்த தட்டைக் கீழே போடாமல் அப்படியே நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் நின்றிருப்பேன்.

"கடைசியா என்ன சொன்னாரு?"

"அப்புடீங்களா, செரிங்கன்னாருங்க."

"செரிங்கன்னாரா." அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு மாட்டைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக:

"அப்பத் தப்பு யானையுது இல்லீங்களே."

இல்லீங்களே. வாசலில் பெற்ற பிள்ளையைப் போலக் கூப்பிட்ட 'சாமி' அதில் இல்லை.

நவம்பர் 30

புதிய நோட்டீஸ் அச்சுக்குப் போனது. 'சோளக்காடு, கடலைக்காடு, ஏரி, கரடு — யானை எங்கே நின்றாலும் பக்கத்தில் போகாதீர்கள். எந்த இடம் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.' என் எண் வேண்டாம் என்றார் தேவிப்ரியா. இருக்கட்டும் என்றேன்.

ஜனவரி 18, 2025

காலை 6.10-க்குப் போன்.

"ஏனுங்க, வசந்தாமணி பேசறனுங்க. யானை வந்திருக்குதுங்க. எங்க சோளக்காட்டுலீங்க. கரட்டுல இல்லீங்க, சோளக்காட்டுல. எல்லாத்தையும் ஊட்டுக்குள்ளயே இருக்கச் சொல்லிட்டனுங்க."

வனத்துறைக்குச் சொன்னேன். பத்து மணிக்கெல்லாம் அது கரட்டில் ஏறிப் போய்விட்டது. அரை ஏக்கர் மக்காச்சோளம் போயிற்று. தீர்த்தகிரியின் கம்பி அவருடைய மோட்டார் ரூமில் சுருட்டிய சுருளாகவே கிடக்கிறது; தன் காட்டு வழியாக அதை இழுக்க வசந்தாமணி அக்கா விடவில்லையாம். ஆட்களுக்கும் யானைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போனை வைக்கும்போது "வெச்சர்றனுங்க" என்றார். சாமி என்று கூப்பிடவில்லை.